பாம்பன் தீவில் கேமராவோடு: தனியாகத் தொழில் செய்பவருக்கு

ராமேசுவரம் என்று சொன்னால் எந்தப் பத்திரிகையிலும் ஏற்கெனவே நூறு படம் கிடக்கும். கோயில் பிராகாரம், பாம்பன் பாலம், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம். இதையே நீங்களும் எடுத்துக்கொண்டு போனால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். கேட்டு வாங்குவது வேறு: கரைவலை, கடற்பாசி எடுக்கும் பெண்கள், விடியற்கால ஏலம், தடைக்காலத்தில் கரையேற்றிய படகுகள், ஊர்த் திருவிழாக்கள். இவற்றில் எதுவும் ஒரே நாளில் கிடைக்காது. ஒரே கரைக்கு நாலைந்து முறை போக வேண்டியிருக்கும்.

காற்றைக் கேட்டுத் தேதி குறிக்கவும்

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். கச்சான் அடிக்கும் மாதங்களில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், தென்கடல் குமுறும்; வடகடல் தணிந்து கிடக்கும். வாடை, அதாவது வடகிழக்குப் பருவக் காற்று, வந்ததும் இது தலைகீழாகிவிடும். எந்தக் கரையில் வேலை நடக்கிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. ஜூலையில் தென்கடலில் படகுக் காட்சி வேண்டும் என்று கிளம்பி வருபவர் கட்டிக்கிடக்கும் வள்ளங்களை, அதாவது சின்ன நாட்டுப்படகுகளை, மட்டும்தான் படமெடுத்துப் போவார்.

விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், பெரும்பாலும் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். மீன் இறக்குவதும் ஏலமும் பார்க்க மறுநாள் இருட்டோடு ஜெட்டியில் நிற்க வேண்டும். மீன்வளத்துறை டோக்கன் கொடுத்தால்தான் படகு போகும். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது, மறுநாள் ஏலமும் கிடையாது. அறை எடுக்கும் முன் ஒரு போன் போட்டு "டோக்கன் குடுத்தாச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டால் ஒரு நாள் செலவு மிச்சம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படமெடுப்பவர் பலர் இந்த மாதங்களைத் தவிர்ப்பது தவறு. படகுகள் கரையேறி, பலகை மாற்றி, வர்ணம் பூசி, எஞ்சின் பிரித்து மாட்டுவது, ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவது எல்லாம் இப்போதுதான். ஆளுக்கும் பேச நேரம் இருக்கும். நாட்டுப்படகுகள் இந்த நாட்களிலும் கடலுக்குப் போகும்.

எதை எப்படி எடுப்பது

விடியற்கால ஏலத்தில் எல்.இ.டி. விளக்குதான் சனியன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/250-க்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், நிறமும் படத்துக்குப் படம் மாறும். 1/100-இல் நிறுத்தி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400 என்று போங்கள். தானியங்கி ஒயிட் பேலன்ஸை அணைத்து ஒரே எண்ணில் பூட்டி வைத்தால் பிறகு சரிசெய்வது எளிது. ஃப்ளாஷ் வேண்டாம். ஈரமான மீன் செதில் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும், ஏலம் கூறுபவர் கண்ணும் கூசும். அதன்பிறகு உங்களை அங்கே நிற்க விடமாட்டார்கள்.

கரைவலையை எடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசி பத்து நிமிடத்துக்குத்தான் வருகிறார்கள், மீன் குவியும் நேரத்துக்கு. நல்ல படம் அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் இருக்கிறது. வள்ளத்தில் வலையை வளைத்துப் போட்டபின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். வரிசையின் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னே ஓடித் தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிப்பார். அந்தப் பிடி விழும் நொடி, குதிகால் மணலில் புதையும் நொடி, அதற்காகக் காத்திருங்கள். வரிசைக்கு வெளிப்பக்கமாக நில்லுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றால், அவர்கள் நெருங்க நெருங்க நீங்கள் இடைஞ்சல். கயிற்றைத் தாண்டவும் கூடாது. தொய்ந்து கிடந்த கயிறு சட்டென்று விறைத்தால் காலை வாரிவிடும். மீன் சேரும் பை போன்ற வலை நடுப்பகுதியான மடி கரையேறும்போது 35 மி.மீ. லென்ஸோடு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தாழ்வாக, 1/1000-இல் எடுக்கலாம். பங்கு பிரிக்கும்போதும் கிளம்பிவிடாதீர்கள். முகங்கள் அப்போதுதான் பேசும்.

வெள்ளை மணலும் மினுங்கும் கடலும் பின்னால் இருந்தால் கேமராவின் அளவி ஏமாந்து முகத்தைக் கரியாக்கிவிடும். மணலை மட்டும் எடுத்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஆள் இருந்தால் முகத்தில் ஸ்பாட் அளவு வைத்து, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுங்கள். பதினோரு மணிக்குமேல் இந்தத் தீவில் வெளிச்சம் கொடூரம். அந்த நேரத்தை ஓலைக் கொட்டகைக்குள்ளும் வீட்டுத் திண்ணையிலும் செலவிடலாம்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போவார்கள். புடவைக்குமேல் டீசர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. அந்தத் துணியைச் சுற்றும் கைகளே ஒரு தனிப் படம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. பாசி எடுக்கும் இடம் குறித்து வனத்துறைக்கும் இவர்களுக்கும் நெடுநாள் இழுபறி உண்டு. பின்னணியில் எந்தத் தீவு என்று தெரியும்படி ஒரு முகத்தைப் பிரசுரித்தால் அந்தப் படம் அந்த அக்காவின்மேல் வழக்காக முடியலாம். கேமராவிலும் போனிலும் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள். படக்குறிப்பில் ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடல் அட்டை, ஆமை கண்ணில் பட்டாலும் இதே கவனம் தேவை. வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்கள் அவை.

கேட்கும் விதமும் முக்கியம். "போட்டோ எடுக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "வேணாம்" என்பதே வரும். முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். "அக்கா, நாளைக்கு விடியல்ல நீங்க துணி சுத்துறதுலேர்ந்து எடுக்கலாமா? மொகம் வேணாம்னா சொல்லுங்க, கைய மட்டும் எடுத்துக்கிறேன்" என்று என்ன எடுக்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். படம் எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விசைப்படகில் ஏறிக் கடலுக்குப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எல்லை கிட்டத்தில் இருக்கிறது, இலங்கைக் கடற்படை பிடித்தால் மீனவர் அடையாள அட்டை இல்லாத ஆளால் படகுக்கே சிக்கல் கூடும். கரையோரம் போகும் வள்ளம் போதும். ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு உங்களை ஏற்றுகிறார் என்றால் அந்த நாள் கூலியும் டீசலும் உங்கள் கணக்கு. கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் வரும். பெயரும் ஆவணமும் முன்கூட்டியே கொடுத்துப் பட்டியலில் ஏறினால்தான் படகு. அக்னி தீர்த்தத்தில் ஆடி, தை அமாவாசைகளுக்குப் பெருங்கூட்டம் வரும். தர்ப்பணம் கொடுப்பவர் முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டாதீர்கள். பின்னாலிருந்து எள்ளும் தண்ணீரும் விழும் கையை எடுக்கலாம். கோயிலுக்குள் கேமராவும் போனும் அனுமதியில்லை. ட்ரோனைப் பொறுத்தவரை, பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல், காவல் நிலையத்தில் சொல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோன் திரும்பி வராது.

உப்பு

இந்தத் தீவில் கேமரா கெடுவது பெரும்பாலும் கீழே விழுந்து அல்ல, உப்பால். பாலத்தருகே அரை மணி நேரம் நின்றாலே லென்ஸ்மேல் பிசுபிசுப்பு ஏறும். காய்ந்த உப்பைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உப்புக்கல் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ஊதி மணலைத் தட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், அதன்பிறகு காய்ந்த துணி. வடிகட்டிய தண்ணீர் ஒரு லிட்டரும் நாலைந்து மைக்ரோஃபைபர் துணியும் பையில் இருக்கட்டும். அறைக் குழாயில் வருவது உப்புத் தண்ணீராக இருக்கலாம், நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். முடிந்தால் இரண்டு கேமரா: ஒன்றில் 24-70, மற்றதில் 70-200. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடி பனித்துப்போகும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே ஜிப் பையில் மூடி வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ட்ரைபாடு காலைப் பிரித்து இரவே கழுவாவிட்டால் மறுநாள் திருகு சுற்றாது.

காசும் காகிதமும்

மூன்று நாள் வேலைக்கு நான்கு நாள் என்று விலை சொல்லுங்கள். ஒரு நாளைக் காற்று தின்றுவிடும். படமெடுக்கும் நாள், படம் தேர்ந்து திருத்தும் நாள், பயணம், வள்ளக் கூலி, கூட வரும் ஊர்க்காரருக்கான சம்பளம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். மொத்தத் தொகையாகச் சொன்னால் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது உங்கள் கூலிதான். பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தெரியாமல் ஏமாந்தவர் அதிகம். நீங்களாகப் போய் எடுத்தால் உரிமை உங்களுடையது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். ஆகவே வேலை தொடங்கும் முன், "உரிமை எடுத்தவருக்கே, இன்ன இதழில், இத்தனை முறை, இத்தனை மாதம் பயன்படுத்தலாம்" என்று மின்னஞ்சலில் எழுதிக் கையெழுத்தோடு ஒப்புதல் வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும்.

படக்குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். ஆளின் பெயர், அவர் சொன்ன எழுத்துக்கூட்டில். படகு வகை, வலை வகை, கரையின் பெயர். விசைப்படகை வள்ளம் என்று எழுதி அச்சானால் ஊரில் சிரிப்பார்கள், எடிட்டரும் அடுத்த முறை யோசிப்பார். எடுக்கும்போதே போனில் குரல்பதிவாகச் சொல்லி வைத்துக்கொண்டால் மறக்காது. கார்டை அழிக்கும் முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் இருக்கட்டும், இரண்டும் ஒரே பையில் வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது பிரிண்ட் கொண்டு போங்கள். 5×7 அளவு போதும், ஆளுக்கு ஒன்று. லேமினேட் செய்து கொடுங்கள். வெறும் பிரிண்டைச் சுவரில் மாட்டினால் உப்புக்காற்றில் ஈரம் ஏறிச் சுருண்டுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே என்பது கணக்கில் வராது. அந்தக் கரையில் பல வீடுகளில் போன் மகன் கையில்தான் இருக்கும்.