முதல் கணக்கியல் வேலைக்கு நகரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கியல் படிப்பை முடித்த ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு நகரங்களிலிருந்து வேலை அழைப்பு வருகிறது. ஒன்று பங்குச் சந்தையும் வங்கித் தலைமையகங்களும் நிறைந்த பெருநகரம். மற்றொன்று ஆலைகளும் குடும்ப நிறுவனங்களும் சூழ்ந்த நடுத்தர நகரம். அவர் உடனே சம்பளத்தையும் வாடகையையும் பயண நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். அந்தக் கணக்கு தேவைதான் என்றாலும், அடுத்த மூன்று ஆண்டுகளில் தம் மேசைக்கு வரப்போவது யாருடைய பேரேடுகள், தாம் செய்த வேலையைத் திருத்தித் தரப்போவது யார் என்ற இரண்டு கேள்விகளும் அந்தத் தாளில் இடம்பெறுவதே இல்லை. பின்னாளில் வருந்த வைக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த விடுபடலிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

நகரம் கணக்கரை வடிவமைக்கிறது என்பது இத்தொழிலின் பிறப்பிலேயே தெரிகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கணக்காளர்கள் 1854-இல் அரச பட்டயம் பெற்றார்கள். அடுத்த ஆண்டே கிளாஸ்கோ நகரத்தார் தங்களுக்கெனத் தனிப் பட்டயம் வாங்கினார்கள். அபர்தீன் நகரத்தார் 1867-இல் மூன்றாவது சங்கத்தை அமைத்தார்கள். எடின்பரோ வழக்கறிஞர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அறக்கட்டளைச் சொத்துகளும் நிறைந்த ஊர். கிளாஸ்கோ வணிகமும் தொழிற்சாலைகளும், அவற்றோடு சேர்ந்துவரும் நொடிப்பு வழக்குகளும் மிகுந்த ஊர். இரண்டுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. ஆயினும் மூன்று சங்கங்களும் ஒன்றாக இணைவதற்கு 1951 வரை ஆயிற்று.

ஊரின் தொழிலைப் பார்க்காமல் ஊரைப் பார்ப்பது

முதல் தவறு, நகரத்தின் அளவைக் கவனித்துவிட்டு அதன் தொழிலைக் கவனிக்காமல் விடுவது. லக்சம்பர்க் சிறிய நகரம். ஆனால் முதலீட்டு நிதிகளைப் பொறுத்தவரை ஐரோப்பாவிலேயே பெரிய மையம் அந்நாடுதான். அங்கே தொடங்கும் இளைஞர் நிகரச் சொத்து மதிப்பைக் கணக்கிடுவதிலும், பத்திரங்களின் நியாய மதிப்பைச் சரிபார்ப்பதிலும் விரைவில் தேர்ச்சி பெறுவார். ஆனால் ஒரு கிடங்கிற்குப் போய்ச் சரக்கிருப்பை எண்ணும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஹூஸ்டன் எண்ணெய் நகரம். எண்ணெய் கிடைக்காமல் போன கிணற்றைத் தோண்டிய செலவைச் செலவினமாக எழுதுவதா, சொத்தாக ஏற்றுவதா என்பது அங்கே அன்றாடக் கேள்வி. டப்ளின் விமானக் குத்தகைத் தொழிலின் மையம் என்பதால், 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்னும் பன்னாட்டுக் குத்தகைக் கணக்கியல் தரநிலை அங்குள்ள பலருக்குப் புத்தகப் பாடமாக அல்லாமல் கைவேலையாகவே அமைந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் மிகுந்த நகரத்தில் 2023-இல் காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 17 தரநிலை நடைமுறைக்கு வந்தபோது வேலை பார்த்தவர்கள் பெற்ற அனுபவத்தை, வேறு ஊரில் இருந்தவர்கள் வகுப்பறையில் பெற முடியாது.

ஆகவே இரண்டு நகரங்களிலும் எந்தத் துறை நிறுவனங்கள் அதிகம் என்று பட்டியலிட்டு, அத்துறைகளின் கணக்கில் எது கடினம் என்று பார்க்க வேண்டும். சரக்கிருப்பு மதிப்பீடா, வருவாயை எப்போது கணக்கில் ஏற்றுவது என்பதா, கடன் இழப்புக்கான ஒதுக்கீடா? அந்தக் கடினமான பகுதியில் உங்களுக்கு ஆர்வம் உண்டா என்பதை உங்களால் மட்டுமே சொல்ல முடியும்.

பெரிய வாடிக்கையாளர் என்றால் பெரிய வேலை என்று எண்ணுவது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றாகப் படித்தவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள். பெருநகரத்தில் பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய வங்கியின் தணிக்கைக் குழுவில் சேரும் முதலாண்டு ஊழியருக்கு அந்த வங்கியின் தணிக்கை முழுவதும் கண்ணில் படாது. கணக்கு இருப்பை உறுதிசெய்யக் கேட்கும் கடிதங்களை அனுப்பிப் பதில்களைச் சேகரிப்பது, ஒரே ஒரு கணக்குத் தலைப்பிற்கான மாதிரிகளைச் சீட்டுகளோடு ஒப்பிடுவது, சென்ற ஆண்டுக் கோப்பின் படிவங்களை இந்த ஆண்டு எண்களால் நிரப்புவது என்ற அளவில் அவருடைய எல்லை முடிந்துவிடும். நடுத்தர நகரத்தின் சிறிய அலுவலகத்தில் சேர்பவரோ இருப்பாய்விலிருந்து (டிரையல் பேலன்ஸ்) தொடங்கி, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், சரிக்கட்டுப் பதிவுகள், இறுதிக் கணக்குகள், வருமான வரிப் படிவம் வரை ஒரு நிறுவனத்தின் முழு ஆண்டையும் தம் கையால் கடந்துவிடுகிறார். உரிமையாளரோடு நேரில் பேசுகிறார்; அவர் ஏன் ஒரு செலவை ஒளிக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே ஊகிக்கக் கற்றுக்கொள்கிறார்.

இதைக் கேட்டுவிட்டுச் சிறிய நகரமே மேல் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. சிறிய அலுவலகத்தில் முழு வேலையையும் உங்களிடம் கொடுத்துவிட்டு, முடித்ததும் ஒருவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், மூன்று ஆண்டுகள் ஒரே பிழையைச் செய்துகொண்டிருந்தும் அது பிழை என்றே உங்களுக்குத் தெரியாது. பெரிய குழுக்களின் உண்மையான செல்வம் அவற்றின் மேற்பார்வைக் குறிப்புகள்தான்: இந்த மாதிரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இந்த விளக்கத்திற்கு ஆதாரம் எங்கே, இந்த முடிவு இந்தச் சான்றிலிருந்து எப்படி வருகிறது என்று மேலாளர் எழுதி அனுப்பும் கேள்விகள். அந்தக் கேள்விகளுக்கு 3 ஆண்டுகள் பதில் எழுதியவரின் சிந்தனை ஒழுங்காகிறது. எனவே பணியின் அகலம் எவ்வளவு என்பதையும், அதைத் திருத்துபவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பன்னாட்டு நிறுவனத்தின் ஆலை நடுத்தர நகரத்தில் இருந்தால், அதன் தணிக்கை பெரும்பாலும் குழுமத் தணிக்கையின் ஒரு கூறாகவே நடக்கும். தலைமைத் தணிக்கையாளர் வேறொரு நகரத்திலிருந்து அறிவுரைகளை அனுப்புவார். குழுமத் தணிக்கைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஏ 600 திருத்தப்பட்டு வந்த பிறகு, எந்த இடரை எங்கே ஆராய்வது என்பதைத் தீர்மானிப்பதில் தலைமைக் குழுவின் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. பெரிய பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கும். முடிவெடுக்கும் உரையாடல் மட்டும் உங்கள் நகரத்தில் நடக்காது.

பெயர்ப் பலகையை நம்புவது

டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு பெரிய தணிக்கைப் பெயர்களில் ஒவ்வொன்றும் உலகெங்கும் ஒரே நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை சட்டப்படி தனித்தனியான உறுப்பு நிறுவனங்களின் வலையமைப்புகள். ஒரே நாட்டிற்குள்ளும் ஓர் அலுவலகத்தின் பணிச்சூழல் இன்னொன்றில் இருப்பதில்லை. ஓர் அலுவலகம் ஒரே வாடிக்கையாளரைப் பெரிதும் சார்ந்திருந்தால் அது தனி ஆபத்து. ஹூஸ்டனில் ஆர்தர் ஆண்டர்சன் என்னும் தணிக்கை நிறுவனத்தின் அலுவலகத்திற்கு என்ரான் என்னும் எரிசக்தி நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மட்டும் தணிக்கைக்கும் ஆலோசனைக்குமாக 5 கோடி டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தியது. 2001 டிசம்பரில் என்ரான் நொடித்தது. 2002-இல் ஆண்டர்சன் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அத்தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் ரத்துசெய்தபோது, தணிக்கை நிறுவனமாக ஆண்டர்சன் ஏற்கெனவே கலைந்துபோயிருந்தது. அந்தக் கோப்புகளையே பார்த்திராத இளம் ஊழியர்களும் வேலை தேட வேண்டியதாயிற்று.

வரியை மறப்பது

கணக்கியல் படித்தவர்கள் இதைச் செய்வார்களா என்று தோன்றலாம்; செய்கிறார்கள். லண்டனையும் எடின்பரோவையும் ஒப்பிடுபவர், ஸ்காட்லாந்தில் வசிப்போருக்கு வருமான வரி விகிதங்கள் வேறு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 2024-25 வரி ஆண்டில் அங்கே 43,662 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் 42 சதவீத விகிதம் தொடங்கியது, இங்கிலாந்தில் 40 சதவீத விகிதம் 50,270 பவுண்டைக் கடந்த பிறகே தொடங்கியது. நியூயார்க் நகரம் தன் குடியிருப்பாளர்களிடம் மாநில வரிக்கு மேலாக நகர வருமான வரியும் வாங்குகிறது; டெக்சஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை. பிலடெல்பியாவில் வெளியே குடியிருந்துகொண்டு நகரத்திற்குள் வேலைக்கு வந்தாலும் ஊதிய வரி உண்டு.

சம்பளத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று பார்க்காமல், ஆண்டு முடிவையொட்டி வேலை குவியும் நெருக்கடிக் காலத்தின் மணிநேரங்களையும் சேர்த்து வகுத்துப் பார்ப்பதும் நல்லது.

அனுபவம் எங்கும் அனுபவமே என்று கருதுவது

தொழில் உரிமத்திற்கு ஏற்றுக்கொள்ளப்படும் அனுபவத்தை ஒவ்வோர் அமைப்பும் தன் விதிப்படி வரையறுக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ 36 மாதப் பொருத்தமான அனுபவத்தைக் கேட்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஇடபிள்யூ 450 நாள் பணியனுபவத்தைக் கேட்கிறது. அமெரிக்காவில் சிபிஏ என்னும் பொதுக் கணக்காளர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகவே வழங்குகிறது. இந்தியாவில் பட்டயக் கணக்காளர் பயிற்சிக் காலம் 2023-இல் அறிமுகமான புதிய திட்டத்தில் 2 ஆண்டுகளாகக் குறைந்தது. பயிற்சியாளருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையே நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து மாறுகிறது. இவற்றில் எதைத் தேடுகிறீர்களோ, அதற்குச் சான்றளிக்கத் தகுதியுள்ள மேற்பார்வையாளர் அந்த அலுவலகத்தில் இருக்கிறாரா என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். சேர்ந்து ஓராண்டு கழித்து, அந்த மாதங்கள் கணக்கில் வராது என்று தெரியவருவது மிகவும் கொடுமையானது.

பதவிப் பெயரிலும் இதே எச்சரிக்கை தேவை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் பல கிளைகளின் வழக்கமான கணக்கு வேலைகளை ஒரே இடத்தில் செய்யும் பகிர்வுச் சேவை மையங்கள் உள்ள நகரங்களில் 'கணக்காளர்' என்ற பெயரில், வழங்குநர்களின் விலைப்பட்டியல்களைப் பதிவுசெய்யும் ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவர்கள் உண்டு. மாத முடிவுக் கணக்குகளை மூடும் பிரிவுக்கு மாற வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளாமல் சேரக் கூடாது.

நகரம் மாறும் காலத்தைத் தவறாகக் கணிப்பது

பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு தேர்ந்தெடுப்பவர்கள், எப்போது மாறுவது என்பதை யோசிப்பதில்லை. இத்தொழிலில் அனுபவம் மாதங்களால் அளக்கப்படுவதைவிட ஆண்டு முடிவுகளால் அளக்கப்படுகிறது. டிசம்பரில் ஆண்டு முடியும் வாடிக்கையாளர்கள் நிறைந்த நகரத்திலிருந்து ஜனவரியில் கிளம்புபவர், பத்து மாதம் உழைத்திருந்தாலும், ஒரு கணக்கு மூடப்படுவதைப் பார்க்காமலே போகிறார். ஆஸ்திரேலியாவில் ஜூன் 30, இந்தியாவில் மார்ச் 31 என்று நாட்காட்டி மாறுவதால், தவறான மாதத்தில் இடம்பெயர்பவர் ஒரே ஆண்டில் இரண்டு நெருக்கடிக் காலங்களைச் சந்திக்கவும் நேரும்.

இவ்வளவையும் நேர்காணலில் மேலாளரிடம் கேட்டறிவது கடினம். இரண்டு நகர அலுவலகங்களிலும் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஊழியர் ஒருவரோடு அரை மணிநேரம் பேச அனுமதி கேளுங்கள். பெரும்பாலான அலுவலகங்கள் மறுப்பதில்லை. கடந்த 12 மாதங்களில் எத்தனை கோப்புகளில் வேலை செய்தீர்கள், அவற்றில் எத்தனையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்த்தீர்கள், உங்கள் வேலைக்குக் கடைசியாகக் குறிப்பு எழுதியவர் யார், தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைத்தது என்று கேளுங்கள். மறுத்துவிட்டால், சம்பளத்தையும் வாடகையையும் எழுதிய அதே தாளில் அந்த மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.