முனை பொருந்தினால் போதாது: பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, சாக்பீஸ் பெட்டிகளுக்கு அடியில் பிபிசி மைக்ரோ என்ற பழைய இங்கிலாந்துக் கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. 1984-ல் மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நாட்டின் பல பள்ளிகளுக்குப் போன மெஷின் அது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி முதலில் கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, இத டிவில மாட்ட என்ன கேபிள் வாங்கணும்?"

கேபிளில் தொடங்குவதுதான் முதல் தவறு. பிபிசி மைக்ரோவின் முதுகில் படத்துக்கு மட்டும் மூன்று சாக்கெட் உண்டு. மூன்றிலும் வருவது வேறு வேறு சிக்னல். எதை எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முதலாவது, ஆன்டெனா சாக்கெட்டில் போடும் ஆர்எஃப், அதாவது டிவி சேனல் மாதிரியே வரும் சிக்னல். இங்கிலாந்தில் விற்ற மெஷின்கள் இதை யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையின் 36-ஆம் சேனலில், ஏறக்குறைய 591 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். நம் ஊரில் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த காலத்து கறுப்பு வெள்ளை டிவிகளில் பல, விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். அது 230 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அந்த டிவியில் குமிழை நாள் முழுக்கத் திருகினாலும் புள்ளிதான் தெரியும். டிவியும் நல்ல டிவி, கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர். இரண்டையும் பழுது என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: கமோடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி ஒலியையும் டிவிக்கே அனுப்பும் மெஷின் இங்கிலாந்திலிருந்து வந்ததென்றால், படம் வந்தும் சத்தம் வராது. அங்கே ஒலி 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், இங்கே 5.5. வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, காம்போசிட் வீடியோ, அதாவது முழுப் படமும் ஒரே வயரில் வரும் சிக்னல். பிபிசி மைக்ரோவில் இது பிஎன்சி சாக்கெட்டில் வருகிறது. சிசிடிவி கேமரா மாட்டுகிறவர்களிடம் பிஎன்சியை ஆர்சிஏவாக, அதாவது டிவியின் மஞ்சள் துளையில் நுழையும் வடிவமாக, மாற்றும் முனை கிடைக்கும். அவர்கள் போடும் 75 ஓம் கோஆக்ஸியல் வயரே இதற்கும் சரி. ஏறக்குறைய அதே தடிமனில் 50 ஓம் வயரும் உண்டு, கேட்டு வாங்குங்கள். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பதற வேண்டாம். இந்த மெஷின் கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான். பிற்காலப் போர்டுகளில் எஸ்39 என்று குறித்திருக்கும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கலர் வரும்.

மூன்றாவது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வருவது. இதில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஆறு முனை டின் சாக்கெட்டில் ஒவ்வொரு நிறமும் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் 5 வோல்ட் லாஜிக்காக வருகிறது. அனலாக் மானிட்டர் எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். நடுவில் ரெசிஸ்டர் போடாமல் நேராகக் கொடுத்தால் மானிட்டரின் உள்ளீடு பழுதாகலாம். வோல்டேஜைச் சரி செய்துவிட்டு விஜிஏ மானிட்டரில் மாட்டினாலும் வேலை நடக்காது. பழைய மெஷின் வினாடிக்கு 15,625 கோடுகள் வரைகிறது. விஜிஏவுக்குக் குறைந்தது 31,469 வேண்டும். திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வருவது இதனால்தான். விஜிஏ முனையும் மஞ்சள் சிவப்பு வெள்ளை முனையும் சேர்த்து ஆன்லைனில் விற்கும் வெறும் வயர் இதை மாற்றித் தராது. பழைய ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களின் 9 பின் சாக்கெட்டும் இப்படித்தான்: எம்டிஏ, சிஜிஏ, ஈஜிஏ என்ற மூன்று வேறு வேறு வீடியோ முறைகளுக்கும் ஒரே வடிவம். எம்டிஏ மானிட்டருக்கு சிஜிஏ சிக்னல் கொடுத்தால் உள்ளே ஹைவோல்டேஜ் உண்டாக்கும் ஃப்ளைபேக் பகுதி போய்விடலாம்.

இனிச் சொல்வதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். காம்போசிட் வீடியோவை மாட்டும் ஏவி சாக்கெட் இல்லாத பழைய டிவியைத் திறந்து, உள்ளே வீடியோ புள்ளியைக் கண்டுபிடித்து, நாமே சாக்கெட் வைத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய 20 இன்ச் டிவியில் சால்டரிங் அயர்னோடு நான் குனிந்தபோது, பக்கத்தில் இருந்த வயதான டிவி மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, கைய எடு. மொதல்ல சேஸிஸ்ல டெஸ்டர வச்சுப் பாரு." வைத்தேன். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிப் போட்டோம். அப்போதும் எரிந்தது.

அந்த வகை டிவிகளில் மெயின்ஸ் கரண்டைப் பிரிக்க டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சேஸிஸே, அதாவது போர்டின் பொதுக் கிரவுண்டான உலோகச் சட்டமே, கரண்டோடு இருக்கும். ஆன்டெனா சாக்கெட்டில் மட்டும் கெபாசிட்டர் வைத்துப் பிரித்திருப்பார்கள். உள்ளிருந்து வயர் இழுத்தால் அந்தக் கரண்ட் கம்ப்யூட்டரின் கிரவுண்டுக்கு வந்து, அங்கிருந்து விசைப்பலகையைத் தொடுகிற பிள்ளைக்கு வரும். ஆகவே கம்பெனியே ஏவி சாக்கெட் வைத்து விற்ற டிவியைத் தேடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஹைவோல்டேஜ் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம்.

புது எல்இடி டிவியில் ஏவி உண்டென்றால் பெரும்பாலும் 3.5 எம்எம் துளையாக இருக்கும். பழைய கேம்கார்டரின் வயர் அதில் நுழையும், ஆனால் கிரவுண்ட் வேறு வளையத்தில் இருந்தால் படம் வராது. டிவியோடு வந்த வயரையே போடுங்கள். கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் திசையைப் பாருங்கள்: நமக்கு வேண்டியது ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது. தலைகீழாக மாற்றும் பெட்டியும் அதே அளவில், அதே நிறத்தில் விற்கிறது.

கம்ப்யூட்டருக்கான கரண்டையும் கவனியுங்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர் வேண்டும், அதில் நடு முனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர் பல வருஷம் ஈரம் குடித்து விரிசல் விட்டிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் அறை முழுக்கப் புகை வரும். குற்றாலச் சாரல் அடிக்கிற தென்காசிப் பக்கம் பரணில் கிடந்த மெஷின் என்றால், அதை மாற்றிவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்து மெஷினை அப்படி மாற்றித்தான் போட்டோம். திரை இருட்டாகவே இருந்தது, தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் தாழ்ந்த ஒரு ஒலியும், அதைத் தொடர்ந்து உச்சத்தில் ஒரு பீப்பும் கேட்டது. பிபிசி மைக்ரோவில் அந்த இரண்டும் கேட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தாழ்ந்த ஒலி நிற்காமல் இழுத்தால்தான் உள்ளே கோளாறு. டிவி ரிமோட்டை எடுத்து ஏவி 1-லிருந்து ஏவி 2-க்கு மாற்றினோம்.