கிழக்கிலங்கைக் கரையோரம்: எழுதும்போதும் அலுவலகம் தேடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கல்முனை, மட்டக்களப்பு மாவட்டம்." செய்திகளிலும் முகவரிகளிலும் அடிக்கடி கண்ணில் படும் தவறு இது. கல்முனை இருப்பது அம்பாறை மாவட்டத்தில். 1961 வரை அந்தக் கரை முழுக்க மட்டக்களப்போடுதான் இருந்தது, அதனால் பழைய ஆவணத்தில் அப்படி இருந்தால் அது சரி. இன்று எழுதினால் பிழை. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் குடியேற்றங்கள் வந்த பிறகு அம்பாறை தனி மாவட்டமானது. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று சனநெருக்கம் எல்லாம் கடலோரத்தில் இருக்க, கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், மட்டும் உள்நாட்டில் அம்பாறை நகரில் இருக்கிறது. "அம்பாறை நகரக் கடற்கரை" என்று ஒன்று கிடையாது. தேர்தல் முடிவுகளில் இந்த மாவட்டம் திகாமடுல்ல என்ற பெயரில் வரும். அதை நான்காவது மாவட்டமாக எண்ணிவிட வேண்டாம், கிழக்கு மாகாணத்தில் மூன்றுதான்.

இன்னொன்று, ரயிலில் போகிறவர்களுக்கு. கல்லோயாச் சந்தி என்ற ரயில் நிலையம் கல்லோயா ஆற்றுப் பக்கத்தில் இல்லை. அது வடக்கே ஹபரணைக்குக் கிட்ட, திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரியும் இடம். அம்பாறைக்கு ரயிலே இல்லை.

வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் தூரம் சொல்வது அடுத்த தவறு. மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரை. காத்தான்குடியும் களுவாஞ்சிக்குடியும் முதல் வகை, கொக்கட்டிச்சோலை இரண்டாவது. அக்கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் பாலம் எங்கே என்று பார்க்காமல் நேரம் கணக்கிட்டால் கஷ்டம்தான். மண்முனைப் பாலம் திறந்ததே 2014இல். அதற்கு முன் அங்கே 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில்தான் கடந்தார்கள்.

வாவியை ஆறு என்றோ குளம் என்றோ எழுதுகிறவர்களும் உண்டு. அது கடலோடு தொடர்புள்ள உவர்நீர். கோடையில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் அதை வெட்டிவிட வேண்டும். சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள் வயல்காரர்கள், மீனவர்களின் கணக்கு எப்போதும் அதுவாக இருக்காது. ஆகவே அது வெறும் மண் வெட்டும் வேலை இல்லை.

நிர்வாகத்தில் நிறையப் பேர் தடுமாறுவது பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில்தான். செயலகம் மத்திய அரசின் அலுவலகம். காணி, பிறப்பு இறப்புப் பத்திரப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்று எல்லாம் அந்தப் பக்கம். சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்வது. தெருவிளக்கு, குப்பை, கட்டட அனுமதி அங்கே. நகரமாக இருந்தால் நகர சபை அல்லது மாநகர சபை. செயலகம், சபை இரண்டின் எல்லையும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் மாவட்டச் செயலாளரை, அதாவது அரசாங்க அதிபரை, கலெக்டர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மாகாண சபையை மாநில அரசாக நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இழுபட, நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போனது. "வடகிழக்கு மாகாணம்" என்று இப்போதைய நிலையாக எழுதுவதும் தவறு, 2007 தொடக்கத்தில் வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டுவிட்டன.

கடலோரம் காணி வாங்குகிறவர்கள் உறுதியை (காணிப் பத்திரத்தை) மட்டும் பார்ப்பது பெரிய ஆபத்து. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதானால் சபை அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வாவிகளும் ஆறுகளும் கடலில் கலக்கும் இடங்களில் இந்த வலயம் இன்னும் உள்ளே போகும். கடல் தெரியவில்லை என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று முடிவு செய்ய முடியாது. முற்பணம் கொடுப்பதற்கு முன்பே திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.