ஜப்பான் பயணம்: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

ஜப்பான் போவதென்று முடிவானதும் பலரும் முதலில் பார்ப்பது விமான டிக்கெட் விலையைத்தான். அதற்கு முன்னால் அந்த நாட்டுக் காலண்டரைப் பாருங்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறையை வைத்து ஏப்ரல் கடைசியில் கிளம்பும் நம்மூர்க் குடும்பங்கள் நேராகப் போய் 'கோல்டன் வீக்' நெரிசலில் மாட்டிக்கொள்கின்றன. ஏப்ரல் 29, மே 3, 4, 5 அங்கே அரசு விடுமுறை நாட்கள். நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஹோட்டல் வாடகை எகிறும், புல்லட் ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. மே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் கூட்டமும் வடிந்திருக்கும், ஜூன் மழையும் தொடங்கியிருக்காது. ஆகஸ்ட் நடுவில், முன்னோரை வழிபட ஊருக்குக் கிளம்பும் ஓபோன் நாட்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

செர்ரிப் பூவை மட்டுமே நம்பித் தேதி குறிப்பதும் ஆபத்து. டோக்கியோ, கியோட்டோவில் அது பூப்பது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. முழுப்பூப்பு நிற்பது ஏறக்குறைய ஒரு வாரம். நடுவில் ஒரு மழையும் காற்றும் வந்தால் அதுவும் இல்லை.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் விடப் பெரிய தவறு, கிடைக்கும் பத்து நாளில் ஏழு ஊர்களைத் திணிப்பதுதான். டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, நாரா, ஒசாக்கா, ஹிரோஷிமா, போதாக்குறைக்கு வடகோடியில் சப்போரோ! ஜப்பானில் பெரும்பாலான ஹோட்டல்களில் காலை பத்து, பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஹோட்டலில் அறை தருவது மாலை மூன்று மணிக்கு. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பாதி நாள் பெட்டியோடு போய்விடும். கியோட்டோவில் ஒரே அறை எடுத்துத் தங்குங்கள். ஒசாக்கா ரயிலில் அரை மணி நேரம், நாரா முக்கால் மணி நேரம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

அப்படி ஒரே ஊரில் தங்குகிறவருக்குத்தான் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் முழுதாகக் கிடைக்கும். இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. பத்து மணிக்குப் போனால் மலைப்பாதை நெடுக நிற்கும் அந்தச் சிவப்பு வளைவுகளுக்குக் கீழே நிற்கக்கூட இடமிருக்காது. காலை ஆறு மணிக்குப் போங்கள். மேலே ஏறும்போது வெறும் சிவப்பாகத் தெரியும் தூண்களைத் திரும்பிப் பாருங்கள். காணிக்கை தந்தவர்களின் பெயரும் தேதியும் கறுப்பெழுத்தில் வரிசையாக இருக்கும். மலையை முழுதும் சுற்றிவர இரண்டு, மூன்று மணி நேரமாகும். அவசரப்படுகிறவர்கள் பாதியிலேயே இறங்கிவிடுகிறார்கள், பாவம்.

ரயில் பாஸ் விஷயத்தில் பழைய அறிவுரைகளைக் கேட்காதீர்கள். ஜப்பான் ரயில்வேயின் ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம்தான். டோக்கியோவில் இறங்கி ஒசாக்காவிலிருந்து விமானம் ஏறினால் திரும்பி வரும் ரயில் செலவே இல்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ–ஒசாக்கா தடத்துப் புல்லட் ரயிலில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிப் போவது சுகம். பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும்.

டோக்கியோவை ஒட்டிய மிதாகாவில் உள்ள கிப்லி அனிமேஷன் பட அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. அடுத்த மாதத்துக்கான டிக்கெட் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அதாவது நமக்குக் காலை 6.30க்கு, விற்பனைக்கு வரும். குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'மீன் வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. உடோன் குழம்பு, மிசோ சூப் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. தட்டில் மீன் துண்டு இருக்காது, சாற்றில் இருக்கும். 'தாஷி இல்லாமல்' என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கையோடு வைத்துக் காட்டுங்கள். கோயா மலையில் உள்ள புத்த மடங்களில் தங்கினால் முழுச் சைவச் சாப்பாடே கிடைக்கும்.

மருந்துப் பையையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் காட்டி வேறு மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.