தலை ஒருச்சாய்ந்த குழந்தைக்கு ஹெல்மெட்: நம்ம பக்கம் நடக்கும் தவறுகள்

மூன்று மாதப் பிள்ளையின் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாக இருப்பது கண்ணில் பட்டதும் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். "நடக்க ஆரம்பிச்சா எல்லாம் தானா சரியாயிரும்ட்டி, சும்மா கெட" என்பது ஆச்சி. "உடனே ஹெல்மெட் போடணுமாம், லேட் பண்ணக் கூடாதாம்" என்பது ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்த மாமா. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு நடந்தால் வம்புதான்.

முதலில், தலை வடிவத்தைச் சரிசெய்யப் போடும் இந்த ஹெல்மெட் மண்டையை அமுக்குவதில்லை. புடைத்த இடத்தில் ஒட்டி நிற்கும். தட்டையான இடத்தில் இடைவெளி விட்டிருக்கும். வளர்கிற மண்டை அந்த இடைவெளியை நிரப்பும். புடலங்காய் நுனியில் கல் கட்டுகிற கதைதான்: பிஞ்சில் கட்டினால் பலன், முற்றிய காயில் கட்டி என்ன செய்ய? பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கூடும். அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதற்கப்புறம் ஒரு வயது வரை அரை செ.மீ. இங்கே நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கை மறப்பதால் வருகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, டாக்டர் தலையைத் தொட்டுப் பார்க்கும் முன்னே ஹெல்மெட் விலை விசாரிப்பது. படுக்கும் விதத்தால் வந்த தட்டை வேறு. மண்டை ஓட்டு எலும்புகளின் இணைப்பு சீக்கிரமே மூடிக்கொள்ளும் கிரேனியோசினோஸ்டோசிஸ் வேறு. இரண்டாவது அரிது, சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், சில வகை அறுவைக்கு நாலு மாதத்துக்குள் போனால்தான் வசதி. அங்கே ஹெல்மெட் அறுவைக்குப் பின்னால் வருவது. மேலே இருந்து பார்த்தால், படுத்துத் தட்டையான தலையில் அந்தப் பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளியிருக்கும். இணைப்பு மூடியிருந்தால் வடிவம் வேறு மாதிரி இருக்கும், விரலுக்கு மேடு தட்டுப்படலாம். அதை நாமே முடிவு செய்ய வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் நரம்பு அறுவை மருத்துவரிடம் அனுப்புவார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். இதற்காக எடுத்ததும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.

அடுத்தது, முதல் நாலு மாதத்தை வீணாக்குவது. ஹெல்மெட்டே தேவைப்படாமல் போகிற காலம் இதுதான். நம் வீடுகளில் பிள்ளையைச் சுவரோரமாகப் போட்டு அம்மா இந்தப் பக்கம் படுப்பார். பிள்ளை சுவரையா பார்க்கும்? அம்மா பக்கமே திரும்பிக் கிடக்கும், அந்தப் பக்கமே தட்டையாகும். ஒரு நாள் தலை வைத்த திசையில் மறுநாள் கால் வையுங்கள். திரும்புகிற பக்கம் தானாக மாறும். பால் கொடுக்கும் கையையும் மாற்றுங்கள். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் படுக்க வையுங்கள். முதலில் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

எத்தனை திசை மாற்றினாலும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதற்கு பிசியோதெரபி வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோகிற வேலை வேண்டவே வேண்டாம். கழுத்தைக் கவனிக்காமல் தலைக்கு மட்டும் ஹெல்மெட் போட்டால், கழற்றிய பிறகும் பிள்ளை அதே பக்கம்தான் கிடக்கும்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் பாட்டிகள் மண்டையைப் பிடித்து உருட்டிவிடுவது இங்கே வழக்கம். அவர்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை, எண்ணெய் தேய்த்துவிட்டால் பிள்ளை நன்றாகத் தூங்கும். ஆனால் தட்டையான எலும்பு கை உருட்டலில் உருண்டையாகாது, உச்சிக்குழி மூடாத தலையை அழுத்தவும் கூடாது. கடுகுத் தலையணை இன்னொன்று. தூங்குகிற கைக்குழந்தைக்கு எந்தத் தலையணையும் ஆகாது, மூச்சுமுட்டும் ஆபத்து இருக்கிறது. 2016இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படித் தலையணை வைக்கச் சொல்லவில்லை. தூளியில் ஆட்டி அமர்த்தலாம். தூக்கம் சமமான, உறுதியான விரிப்பில் இருக்கட்டும்.

தலை தட்டையாகிறதே என்று பயந்து இரவில் குப்புறப் போடுகிறவர்களும் உண்டு. இது எல்லாவற்றையும் விட ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994இல் இயக்கமே நடத்தினார்கள். தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியளவு குறைந்தது. தட்டைத் தலை கூடியது அதன் பக்க விளைவுதான். தலை கொஞ்சம் தட்டையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, மாமா சொன்ன அவசரத்துக்கு வருவோம். 2014இல் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 5, 6 மாத வயதில் பாதிப் பேருக்கு ஹெல்மெட், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் அளந்தபோது இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கழுத்து இறுக்கம் உள்ளவர்களையும் குறைமாதக் குழந்தைகளையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதலோ, படுக்கையை மாற்றியும் பயிற்சி கொடுத்தும் குறையாத, மிதமான அல்லது கடுமையான கோணலுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. லேசான தட்டைக்கு லட்சக் கணக்கில் கடன் வாங்குவது வீண் என்பது என் எண்ணம். கடுமையான கோணலை வைத்துக்கொண்டு பத்தாவது மாதம் வரை "பார்ப்போம், பார்ப்போம்" என்பதும் அதே அளவு வீண். ஐந்தாவது மாதத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நல்லது.

போடுவது என்று முடிவானால், அளவெடுத்துச் செய்ததுதான் போட வேண்டும். சித்தி மகன் போட்டது சும்மா கிடக்கிறதே என்று எடுத்து மாட்டக் கூடாது. தவழும் பிள்ளை விழுந்தால் அடிபடாமல் இருக்க ஆன்லைனில் விற்கும் பஞ்சுத் தொப்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தையும் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாவது போய் உள்பஞ்சைச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கைக்குழந்தையோடு எத்தனை தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் போய் வர முடியும்? அந்தச் செலவெல்லாம் சொன்ன விலையில் அடங்குமா என்றும் பணம் கட்டும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவாக ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போடச் சொல்வார்கள், முதல் சில நாள் படிப்படியாகக் கூட்டி. குளிக்கிற ஒரு மணி நேரம்தான் விடுமுறை. தலையில் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். நன்றாகத் துவட்டி, காய்ந்த பிறகே மாட்டணும். ஹெல்மெட்டின் உள்பக்கத்தையும் தினமும் துடைத்துக் காயவிடுங்கள், வாடை வந்துவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் முதல் வாரங்களில் வியர்த்து ஊற்றும். மெல்லிய பருத்திச் சட்டையும் ஃபேனும் போதும். கழற்றியபின் தெரியும் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால், தோல் உரிந்தால், திரும்ப மாட்டாதீர்கள், ஹெல்மெட் செய்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டிலேயே பஞ்சு திணித்துச் சரிசெய்யாதீர்கள். காய்ச்சல் அடித்தால் கழற்றிவிடலாம்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் சொந்தபந்தத்தின் கேள்விக்குப் பயந்து மூன்று நாள் கழற்றி வைப்பார்கள். "வண்டியில விழுந்துட்டானா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு விடுங்கள். தலை மூன்று நாளும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், திரும்பப் போடும்போது இறுக்கும். சாஸ்தா கோயிலில் முடி இறக்குவதையும் காது குத்துவதையும் ஹெல்மெட் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சவரக் கத்தி கீறியிருந்தால் காயம் ஆறும்வரை மாட்ட முடியாது. ஹெல்மெட்டுக்கு அளவெடுக்கும் முன்னே இரண்டையும் முடித்துவிட்டால் தொல்லை இல்லை.

அமெரிக்காவில் இந்தச் சாதனத்துக்கு அனுமதி 3 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குத்தான். முழு வட்டம் வரும்வரை போடுவேன் என்று ஒரு வயதுக்கு மேல் இரண்டாவது ஹெல்மெட் வாங்குகிறவர்கள், கோணல் முதல் நாள் எத்தனை மில்லிமீட்டர், இப்போது எத்தனை என்று எழுதித் தரச் சொல்லி, அதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.