பாவமன்னிப்பு கேக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

முதல்ல கொஞ்சம் திருந்திட்டு அப்புறமா கர்த்தர்கிட்ட போகலாம்னு தள்ளிப்போடாதீங்க, எபேசியர் 2:8-9 தெளிவா சொல்லுது கிருபையினால விசுவாசத்த கொண்டுதான் ரட்சிப்பு, கிரியையினால, அதாவது நம்ம நல்ல செயல்களால, இல்லன்னு, அதனால உபவாசம், காணிக்கை எதுவுமே மன்னிப்புக்கு குடுக்குற விலை கிடையாது. விலைய இயேசு சிலுவையில கட்டிட்டார், அத நம்புறதுதான் நம்ம பங்கு.

அடுத்து தனியா உக்காந்து பாவத்த அறிக்கை பண்ணுங்க, அதாவது கர்த்தர்கிட்ட ஒத்துக்கோங்க. "என் பாவத்தையெல்லாம் மன்னியும் ஆண்டவரே"ன்னு மொத்தமா ஒரே வரியில முடிச்சிடுவோம்ல, அது வேணாம், பொய் சொன்னேன், இன்னார் காச ஏமாத்தினேன்னு பிச்சு பிச்சு சொல்லுங்க. வார்த்தை வரலன்னா சங்கீதம் 51-ஐ மெதுவா வாசிங்க, அடுத்தவன் மனைவி பத்சேபாள் விஷயத்துல தாவீது செஞ்ச பாவத்த நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரா சொன்னப்புறம் அவர் பாடினது, ராஜாவா இருந்தும் ஒரு சாக்கு கூட சொல்லல பாருங்க. நீளமா ஜெபிக்கவே வராதா, லூக்கா 18-ல ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) மார்ல அடிச்சுக்கிட்டு சொன்னது ஒரே வரிதான். (கத்தோலிக்கர்னா குருவானவர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்க, அந்த முறை வேற.)

அப்புறம் 1 யோவான் 1:9, அறிக்கையிட்டா மன்னிப்பார்னு இருக்கு. மனசு லேசாகுற வரைக்கும் நம்பமாட்டேன்னு உக்காராதீங்க, ஃபீலிங் வரும் போகும்.

யாரையாவது ஏமாத்தியிருந்தா திருப்பிக் குடுங்க. பைபிள்ல வர்ற சகேயுங்கிற வரி வசூலிக்கிறவன், ஏமாத்தினத நாலு மடங்கா தரேன்னான், ஆனா இயேசு அவன் வீட்டுல தங்கணும்னு சொன்னது அதுக்கு முன்னாடியே, நம்ம ஆளுங்கதான் இந்த வரிசைய தலைகீழாக்கிடறாங்க. நேர்ல போக தயக்கமா இருந்தா முதல்ல ஒரு போனாவது பண்ணுங்க.