ஜெட் கிட் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

ஜெட் என்பது மோட்டார் சைக்கிளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. பல அளவு ஜெட்டுகள் அடங்கிய பாக்கெட்தான் கிட். அது கைக்கு வந்ததும் பாக்கெட்டில் இருப்பதிலேயே பெரிய ஜெட்டை மாட்டத்தான் கை பரபரக்கும். நானும் அப்படித்தான் மாட்டினேன். தாப்பா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்சாலையைத் தாண்டுவதற்குள் பெட்ரோல் அதிகமாகி, பிளக்கில் கரி பிடித்து மோட்டார் நின்றுவிட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முதலில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிடுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது. கிண்ணத்தைக் கழற்றினால் பித்தளையில் இரண்டு ஜெட் தெரியும். நடுவில் பெரிதாக இருப்பது மெயின், பக்கத்துக் குழிக்குள் ஒல்லியாக இருப்பது பைலட். பித்தளை மென்மையானது, அதனால் காடியில் கச்சிதமாக உட்காரும் திருப்புளிதான் வேண்டும்.

அடுத்தது ஜெட்டில் பொறித்திருக்கும் எண். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். பழைய ஜெட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்புரேட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள். கெய்ஹின் மெயின் ஜெட்டில் 100 என்றால் துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டிலோ எண் பெட்ரோல் பாயும் அளவைச் சொல்கிறது. ஆகவே இந்த 100-ம் அந்த 100-ம் ஒன்றல்ல. மலிவு கிட் என்றால் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளையில் பிசிறு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், கம்பி விட்டுக் குடைய வேண்டாம்.

சரி, டியூனிங். திராட்டில் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் வரை பைலட், கால் முதல் முக்கால் வரை ஊசி (திராட்டிலோடு ஏறி இறங்கும் கார்புரேட்டர் ஊசி), அதற்கு மேல் மெயின். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இஞ்சின் சூடான பிறகு, ஆளில்லாத நேர்சாலையில் முழு திராட்டிலில் போய்ச் சற்றே குறையுங்கள். அப்போது வேகம் கூடினால் பெட்ரோல் போதவில்லை, மெயின் ஒரு எண் ஏறட்டும். கொப்பளித்து இழுத்தால் ஒரு எண் இறக்குங்கள். பிளக் இளம்பழுப்பில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், பிஸ்டனுக்கு ஆபத்து. ஊசியைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்.

ஐடிலிங்கில் (திராட்டில் திருகாமல் இஞ்சின் ஓடும்போது) கலவையைச் சரிசெய்யும் திருகை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். திருகு ஏர் பில்டர் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்கக் காற்று கூடும், இஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். பலர் குழம்புவது இங்கேதான்.

இவ்வளவும் முடித்து கேமரன் மலை ஏறும்போது மோட்டார் மந்தமானால் ஜெட்டைத் திட்டாதீர்கள். அங்குள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு, அதே பெட்ரோல் அதிகப்படியாகிவிடும். ஒருநாள் பயணத்துக்காக நான் கார்புரேட்டரைத் தொடுவதில்லை.